ஆடிக்காற்றுக்கு முதுகு காட்டியவர்கள்

விக்கிரமங்கலம் பக்கம் ஒரு கடலைக் கொல்லையில், களையெடுக்கும் பெண்களின் பாட்டைப் பதிவு செய்யப் போயிருந்தேன். ஆடிக்காற்று மைக்கில் புகுந்து பாட்டையே விழுங்கியது. கைக்குட்டையைச் சுற்றிப் பார்த்தும் பயனில்லை. அன்றோடு களை முடிகிறது. விட்டால் பாட்டு கிடைக்காது.

அந்தக் கூட்டத்தில் முதல் அடி எடுத்துப் பாடுகிற பெண் ஒருவர் இருந்தார். நல்ல உயரம், தலையில் முண்டாசு. எந்த வேலைக்கும் முன்னால் வளையல்களை முழங்கைக்கு மேல் தள்ளிவிடுவார்.

“காத்துதான சார்? நாங்க மறைச்சிக்கிறோம். மைக்க எங்கிட்ட குடுங்க” என்றார்.

“கை அசைஞ்சாலே மைக்ல கேக்கும்ங்க. சின்ன சத்தங்கூட வரக் கூடாது.”

வளையல்கள் மேலே ஏறின. மற்றவர்கள் முந்தானையை இடுப்பில் செருகி, காற்றுக்கு முதுகு காட்டி, அவரை நெருக்கமாகச் சூழ்ந்து நின்றார்கள். ஹெட்போனில் காற்று அடியோடு நின்றுபோனது. பூரித்துப்போய்க் காத்திருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“பாடுங்கம்மா!”

“நீங்கதான சார் சின்ன சத்தங்கூட கூடாதுன்னீங்க? மூச்சக்கூட அடக்கிக்கிட்டு நிக்கிறோம்!”

கொல்லையே சிரித்தது. பிறகு அருமையாகப் பாடினார்கள். ஆனாலும் யார் கேட்டாலும் நான் முதலில் போட்டுக் காட்டுவது அந்தப் பாட்டையல்ல, அதற்கு முந்தைய அமைதியைத்தான். அவ்வளவு சுத்தமான அமைதி எனக்கு எந்த ஸ்டூடியோவிலும் கிடைத்ததில்லை.