மணவறையில் அப்பாவின் நாற்காலி

என் கல்யாணத்தை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது, அப்பா குடிக்காமல் ஆறவிட்ட தேநீர்க் கோப்பைகள்தான். மலேசியாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அவர். பத்திரிகை வைக்க வீடு வீடாகப் போனோம். எந்த வீட்டிலும் அவர் கோப்பையைத் தொடவில்லை. "வயிறு சரியில்லலா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். வாய் நனைக்காமல் போகிறாரே என்று சிலருக்கு முகம் சுருங்கியது. குடித்தால் அந்த வீட்டிலேயே கழிவறை எங்கே என்று கேட்க வேண்டிவரும், உள்ளே போனால் வெளியே வர நெடுநேரம் ஆகும். அவர் மறைத்தது அதைத்தான்.

தோட்டத்தில் மரங்களுக்கிடையே அவர் ஒதுங்கினால் திரும்பி வரும்வரை ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்களாம். சொட்டுச் சொட்டாகப் போவதும், போய்விட்டு வந்த கையோடு மறுபடி முட்டுவதும், தூக்கத்தில் பலமுறை எழுந்திருப்பதும் அம்மாவுக்குத் தெரியும். கேட்டால், "உடம்புச் சூடு, பார்லி தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்பார். ஓர் ஆண்பிள்ளை இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பானா என்ற வீம்பு.

கல்யாணம் நெருங்கிய வேளையில் சளி பிடித்து, கடையில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுநாள் கோலா பிலாவில் ஓர் உறவினர் வீட்டில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு வடித்த பிறகுதான் அவருக்கு முகமே திரும்பி வந்தது.

பார்த்த மருத்துவர் தமிழ்ப் பெண், என்னைவிடச் சற்று மூத்தவர். "புரோஸ்டேட் சுரப்பி பெருத்து மூத்திரம் வர்ற வழிய நெருக்குது, அங்கிள். வயசானா நிறைய பேருக்கு வர்றதுதான். சளி மாத்திரை சிலருக்கு ஒரேடியா அடைச்சிடும். முன்னாடியே வந்திருந்தா மாத்திரை குடுத்தே பார்த்திருக்கலாம்" என்றார். பரிசோதனைகள் செய்து, புற்றுநோய் இல்லை என்றார்கள். குழாயை எடுத்துப் பார்த்தார்கள், மறுபடி அடைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சைக்குக் கல்யாணம் முடிந்துதான் நாள் கிடைத்தது. அதுவரை குழாயும் அதன் முனையில் தொங்கும் பையும் அவரோடுதான்.

செய்தி கேட்டு அப்பாவின் அக்கா வந்தார். "சாமி எடத்துல மூத்திரப் பையோட உக்காந்து கன்னிகாதானம் பண்ணப் போறியா? தம்பி செய்யட்டும். சனம் சிரிக்கும்" என்றார். தம்பி என்றது என் சித்தப்பாவை.

இத்தனை வருஷம் ஒளித்தவர் தலைகுனிவார் என்றுதான் நினைத்தேன். "ஒளிச்சு ஒளிச்சுத்தான்க்கா இங்க வந்து நிக்கிறேன். பெத்தவன் நான். நான்தான் குடுப்பேன்" என்றார் அப்பா. மறுநாள் அவரே கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னார். "இப்படி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்று குருக்கள் தயங்கினார். "கேக்காம வேட்டிக்குள்ள மறைச்சுக்கிட்டு வந்திருப்பாங்க, சாமி. நான் சொல்லிட்டு வர்றேன்." குருக்கள் சிரித்துவிட்டார். கீழே உட்கார்ந்தால் குழாய் மடங்கும் என்பதால் நாற்காலி போட அவரே ஏற்பாடு செய்தார்.

என் ரவிக்கைத் துணியில் மீந்ததை எடுத்து அம்மா அந்தப் பைக்கு ஓர் உறை தைத்திருந்தார். "நிறையுறது கண்ணுக்குத் தெரியணும்" என்று அப்பா அதை வேண்டாமென்றுவிட்டார். பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக மணவறை ஏறி, நாற்காலியில் அமர்ந்து, பையை இடுப்புக்குக் கீழே நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டார். மண்டபம் முழுக்கக் கிசுகிசுத்தது. அவர் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் அவர் நெற்றி வேர்த்தது. குனிந்து பார்த்தேன். நாற்காலிக் காலில் சிக்கிக் குழாய் மடங்கியிருந்தது. மருதாணிக் கையை நீட்டினேன். "விடு புள்ள, கையில பட்டுடும்" என்று அத்தை பதறினார். "படட்டும், அத்தை" என்று சொல்லிவிட்டுக் குழாயை நிமிர்த்தினேன். அப்பா மூச்சு விட்டார். அம்மா நீர் வார்க்க, அந்தக் கையைத்தான் அவர் மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

சிரம்பானில் அறுவை சிகிச்சை ஆயிற்று. சில நாள் மூத்திரம் சிவப்பாகப் போனது, பிறகு சரியானது. கடைசிவரை அப்பா அதைத் தேநீர்க் கடையில் உரக்கப் பேசினார். சிலர் மேசை மாறி உட்கார்ந்தார்கள். சிலர் தனியாக அழைத்து, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தார்கள். அத்தைக்கு மட்டும் என்மேல் வருத்தம் தீரவே இல்லை.

இப்போது நாங்கள் செண்டாயானில் இருக்கிறோம். என் கணவரும் ஐம்பதைத் தாண்டிவிட்டார். கழிவறையில் அவர் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போவதைப் பார்த்துச் சென்ற மாதம் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். என்ன நோய் என்று மலாய்க்காரத் தாதி கேட்டபோது, "சும்மா செக் பண்ண" என்று முணுமுணுத்தார். "சூசா கென்சிங்" என்றேன் நான். மூத்திரம் போகச் சிரமம் என்று நான் மலாயில் சொன்னது மலாய்க்காரர், தமிழர், சீனர் என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. தலைகள் திரும்பின. கணவர் என் முழங்கையைக் கிள்ளினார். தாதிக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, காதைச் சாய்த்தார்.

குரலைத் தாழ்த்தாமல் இன்னொரு முறை சொன்னேன்.