தொட்டியில் ஒரு ஓட்டை

தண்ணீர் லாரி ஓட்டியே தலை நரைத்தவர் அவர். தெருவில் எல்லோருக்கும் லாரிக்காரர். அவர் வண்டி நின்ற இடத்தில் தரை நனைந்திருக்காது. தொட்டி ஒரு சொட்டு ஒழுகினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவரை இப்போது மொட்டை மாடியில் ஒரு மரப்பெட்டி ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது.

மகளின் பிரசவத்துக்கு மனைவி போயிருந்தபோது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவருடையது. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த மகராசன் வீட்டு மாடியை மறந்தே போனார். திரும்பி வந்தவள் காய்ந்த கத்தரிகளைப் பார்த்துவிட்டு அவரிடம் நாலு நாள் பேசவில்லை. இப்போது மகள் வீட்டில் பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். "ஒண்ணு நீங்க போங்க, இல்லன்னா நான் போறேன். செடியைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்" என்று மனைவி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

தனியாகப் போக அவருக்கு மனமில்லை. மகள் முதல் அடி வைத்தபோது அவர் லாரியில் இருந்தார். அதை மனைவி ஒருத்திதான் பார்த்தாள். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை.

அதனால்தான் அந்த மரப்பெட்டியில் தானே தண்ணீர் குடித்துக்கொள்ளும் பாத்தி. அடியில் தண்ணீர், மேலே மண், மண் வேண்டிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் நிற்கும் இடத்தில் எதைப் போடுவது என்பதுதான் தலைவலி. முதலில் ஜல்லியைக் கொட்டினார். பெட்டி யானைக்கனம் கனத்தது. கல்லே இடத்தை அடைத்துக்கொண்டதால் அரை வாளி கூடப் பிடிக்கவில்லை. அடுத்து பழைய பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தார். பெயிண்ட் ஊறிய கத்தரிக்காயை நீங்களே தின்னுங்கள் என்று மனைவி அவற்றைத் தூக்கிக் கீழே வைத்தாள். கடைசியில் பக்கமெல்லாம் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. உள்ளே வெறும் கூடு, நிறையத் தண்ணீர் பிடித்தது. மண் புகாமல் இருக்கத் துணி சுற்றி, குழாய்களுக்கு இடையில் மட்டும் மண் இறங்கித் தண்ணீரைத் தொட வழிவிட்டார்.

அதற்குமேல் தொழில் புத்தி விடவில்லை. குழாய்களுக்கும் அடியில் தடித்த தார்ப்பாயை மடித்து, மூலைக்கு மூலை ஒட்டி, மிளகாய்ச் செடியை நட்டு, தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பினார். ஒரு வாரத்தில் மண் சேறாகி, மிளகாய்ச் செடி மஞ்சளடித்துத் தலை சாய்ந்தது.

"முன்னாடி காய வச்சீங்க. இப்ப முக்கியே கொன்னுடுவீங்க போல" என்றாள் மனைவி. கூடுதல் தண்ணீர் வெளியேற ஓர் ஓட்டை வேண்டும் என்றும் சொன்னாள்.

தொட்டியில் ஓட்டையா? அவருக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் முழுக்கப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மகள் போனில் குழந்தை கையை விட்டு நிற்கப் பார்க்கிறாள் என்றாள். உடனே துளைக்கும் மெஷினை எடுத்தார்.

மண் தொடங்கும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளை போட்டுத் தண்ணீர் ஊற்றினார். நிரம்பியதும் துளை வழியே நூல் போல வழிந்து அவர் காலை நனைத்தது.

"இங்க வந்து பாரேன், நம்ம தொட்டி ஒழுகுது" என்று பெருமையாகக் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள். வாடிய மிளகாய்ச் செடி நிமிரும்வரை இன்னும் சில நாள் பொறுத்திருந்தாள். பிறகு ஒரு காலையில் மண்ணில் விரலை விட்டு எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"டிக்கெட் ரெண்டா எடுங்க" என்றாள்.