வானம் தெரியவேண்டிய கூரை

1997 அக்டோபர் நடுப்பகுதி. நாப்போலியில் ஏறிய கப்பல் காலை ஏழு மணிக்கு என்னைப் பலேர்மோவில் இறக்கியது. ஊர் பார்க்க நான் வரவில்லை. அக்காவும் மகளும் இலங்கையில் மடு அகதி முகாமில் ஒரு கொட்டிலில் கிடக்கிறார்கள். ஐந்து வருடமாக இங்கே வேலை செய்யும் அத்தானோ அவர்களைக் கூப்பிடாமல் இழுத்தடிக்கிறார். நேரில் கேட்டுவிடுவதென்று பாரிசிலிருந்து புறப்பட்டு வந்தேன்.

துறைமுகத்திலிருந்து வுச்சீரியா மீன்சந்தையைக் கடந்து, அத்தான் இருக்கும் அல்பெர்கேரியாவுக்கு நடந்தே போய்விடலாம். அத்தானின் அறை மூன்றாம் மாடியில். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஈரம் ஊறிய சுவர். பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, எப்போதோ கிடைத்துவிட்டது.

"கொட்டிலிலை இருந்து இன்னொரு கொட்டிலுக்கே கூப்பிடச் சொல்லுறாய், தம்பி? நல்ல வீடொண்டு எடுத்திட்டுக் கூப்பிடுறன்" என்றார்.

ஐந்து வருடமாக இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலை நாலு மணிக்கு என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனார். பஸ் டிக்கெட் 1500 லீரா. அவருடைய சிஞ்ஞோரா, அதாவது அவர் வேலை செய்யும் வீட்டு அம்மா, ஐம்பது வயது யூதப் பெண்மணி. இந்த நகரில் யூதர்கள் மிகச் சிலரே. அன்று பொழுதுபட அவர்களுடைய கூடாரப் பண்டிகை தொடங்குகிறது. காலில் சுளுக்கென்பதால், அதற்காக மொட்டைமாடியில் கட்டிய குடிலுக்கு ஓலைக்கூரை போடும் வேலையை அத்தானிடம் விட்டிருந்தார். அத்தான் விடுவாரா? முந்தினநாளே பேரீச்சை ஓலையை மன்னார்க் கிடுகுபோல இறுக்கிப் பின்னி, இரண்டு அடுக்காக வேய்ந்திருந்தார். ஒரு சொட்டு இறங்காது.

சிஞ்ஞோரா அண்ணாந்து பார்த்தார். அருமையான வேலை, ஆனால் பிரிக்கவேண்டும் என்றார். வானம் தெரியவேண்டும், மழை பெய்தால் உள்ளே விழவேண்டும், அதுதான் இந்தப் பண்டிகையின் விதியாம். அத்தானின் முகம் செத்துப்போனது. இருவருமாகப் பிரித்து, ஓலைகளை ஐதாகப் பரப்பினோம்.

வானத்தில் வெள்ளிகள் தெரியத் தொடங்கியதும் எங்களையும் சாப்பிட இருத்தினார். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய தன் மக்கள் நாற்பது வருடம் பாலைவனத்தில் இப்படித்தான் அலைந்தார்கள் என்றார். அதை நினைத்து ஒரு வாரம் கல்வீட்டை விட்டு வந்து குடிலில் இருக்கவேண்டும், சந்தோசமாக இருக்கவேண்டும்.

அத்தான் கரண்டியை வைத்துவிட்டு இத்தாலியனில் ஏதோ கேட்டார். பிறகு எனக்குச் சொன்னார்: "அந்த நாப்பது வருசமும் பிள்ளையளை எங்கை விட்டிருந்தவை எண்டு கேட்டனான்."

சிஞ்ஞோரா அவரை வியப்போடு பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். அத்தான் அதைத் தமிழில் சொன்னார்.

"கூடவேதானாம். கனபேர் அந்தக் கொட்டிலுக்கைதான் பிறந்ததாம்."

அவர் கரண்டியைத் திரும்ப எடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சொன்னார். "வீட்டுக்கெண்டு உழைச்சன் தம்பி. ஆருக்கெண்டதை விட்டிட்டன். நாளைக்கு லீவு கேட்டனான். குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குப் போய் அவையைக் கூப்பிட எழுதிக் குடுப்பம்."

எழுதிக் கொடுத்தோம். மறுநாள் கப்பல் ஏறும்போது என் மனம் பாரிசிலேயே நின்றது. அங்கே நாங்களும் எல்லாவற்றையும் பிறகு, பிறகு என்றுதான் தள்ளிப்போடுகிறோம். அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டில் வாங்கவேண்டும், பிள்ளை இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை.