மாமா கட்டிய மைதானச் சுவர்

காக்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்து ஸ்டேடியத்தைக் கடந்துதான் போகிறேன். விளக்குக் கம்பங்களும் பிளாஸ்டிக் புல்லுமாக இப்போது அடையாளமே மாறிவிட்டது. கேட்டருகே அதன் வரலாற்றைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர் எல்லாருக்கும் அதில் இடம் இருக்கிறது. சுவர் கட்டிய என் மாமாவுக்கு மட்டும் கல் போதவில்லை போலிருக்கிறது.

ஸ்டேடியம் வருவதற்கு முன்னால் அது வெறும் செம்மண் மைதானம். எங்கள் தெருக்காரர்கள் அதைத் தங்கள் சொந்தச் சொத்தாகவே நினைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பாதிப் பேர் வீட்டுக்கு வராமல் நேரே அங்கே போய்விடுவார்கள். வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாகித் திரும்பி வரும். அம்மாவின் தம்பியான மாமாதான் தெரு டீமின் கோல்கீப்பர். வார நாட்களில் கொத்தனார். பந்து அவர் கைக்குப் போனால் பிறகு அவராகக் கொடுத்தால்தான் உண்டு.

அந்த இடத்தில் பல்கலைக்கழகம் ஸ்டேடியம் கட்டத் தொடங்கியபோது மாமாவுக்கு அங்கேயே சுற்றுச்சுவர் வேலை கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க மாமாதான் ஸ்டேடியம் கட்டுறாரு" என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். லீவு நாட்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய், சுவர் என் உயரத்துக்கு வந்துவிட்டதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன். என் தலையைத் தாண்டியபோது கைதட்டினேன். மாமா கலவையைக் குழைத்துக்கொண்டே இருந்தார்.

கேட் மாட்டிய பிறகு வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட் மாட்டுவதற்கு முந்தின ஞாயிறு, கடைசியாக ஓர் ஆட்டம் ஆட டீம் கூடியது. மாமா கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு, பந்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோல் கம்பங்களுக்கு நடுவே வேறொருவர் நின்றிருந்தார்.

மாமாவோடு ஒன்றாகப் படித்த கேப்டன் அருகில் வந்தார்.

"நம்மள வெளிய தள்ளத்தான் செவுரு கட்ன. இன்னிக்கி நீ ஆட வேணாம்."

"நான் இல்லன்னா வேற எவனாச்சும் கட்டியிருப்பான்டா."

"கட்டட்டும். அவன் நம்ம ஆளா இருந்திருக்க மாட்டான்ல."

ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும்வரை மாமா தான் கட்டிய சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார். பிறகு பந்தை என் முன்னால் உருட்டிவிட்டு, கோலுக்குள் போய் நின்றார்.

"அடி பாப்பா."

அடித்தேன். உள்ளே போனது. மறுபடியும் அடித்தேன். ஒரு பூனைக்குட்டியை நகர்த்தும் பலம்கூட என் காலில் இருந்திருக்காது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பந்து அவரைத் தாண்டி உருண்டது. அவர் குனியவே இல்லை. இருட்டத் தொடங்கியதும், "நீ போ, நான் வரேன்" என்றார்.

வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன்.

"அம்மா, மாமாவுக்கே கோல் போட்டேன். ஒண்ணக்கூட அவரால புடிக்க முடில."

அம்மா சிரிப்பாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் மைதானத்தை நோக்கி நடந்தாள். தம்பி தோற்றதை அவளால் தாங்க முடியவில்லை, மகள் ஜெயித்தது கண்ணில் படவில்லை என்று எனக்கு ஒரே ஆத்திரம். அன்றைக்கு மீன்குழம்பைக்கூட நான் தொடவில்லை.