எதிர்க்கடையில் வேலை

மந்தைவெளியில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையை நடத்தியவள் என்னைவிடச் சில வயது இளையவள். என் அப்பாவின் மறதி நோயை முதலில் கவனித்தது அவள்தான்.

"அக்கா, நைனா காலைலயே பால் வாங்கினாரு. இப்போ மறுபடியும் வந்து கேக்குறாரு. குடுக்கலைன்னு கோச்சுக்கினு நிக்கிறாரு. வந்து இட்டுகினு போ" என்று போன் செய்தாள்.

அதன் பிறகும் அப்பா தினமும் அங்கே போனார். அவள் பேச்சுக் கொடுத்து உட்காரவைத்துக்கொள்வாள். அந்தத் தைரியத்தில்தான் நான் நந்தனத்தில் அலுவலகம் போய்வந்தேன்.

எதிரே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தது. உள்ளே ஏசி, எல்லாவற்றுக்கும் தள்ளுபடி. தெருவே அங்கே திரும்பியது. எங்கள் வீட்டு எண்ணெயும் பருப்பும்கூட அங்கிருந்துதான் வந்தன. கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துப் பார்த்தவள், கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டாள். அப்பா மூடிய கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவருவார்.

ஒரு மதியம் அவளிடமிருந்து போன். "பதறாதக்கா. நைனா என்கிட்டதான் கீறாரு. எதிர்க்கடைக்கு வா."

அலுவலகத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். காய்கறிப் பிரிவின் பின்னால், கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள், அந்தக் கடையின் சீருடையில். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். எங்களிடம் சொல்லவில்லை.

அப்பா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றபடியே வெளியே நடந்திருக்கிறார். வாசல் காவலாளி கையைப் பிடித்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் அந்த மனிதர், சங்கடத்தோடு. "இவங்கதான் ஓடியாந்து, 'கைய எடு, எங்க நைனா அவரு'ன்னு சத்தம் போட்டாங்க."

மேனேஜர் வந்து, கஸ்டமரை உள்ளே உட்காரவைக்கக் கூடாது என்றார். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் சட்டையிலிருந்த பிஸ்கட் தூளை அவள் நிதானமாகத் தட்டிவிட்டாள்.

நான் அவள் சீருடையைப் பார்த்தேன். அவளே சொன்னாள்: "இன்னாக்கா பண்றது? கடைய வச்சிக்கினு தூக்கமே இல்ல. இங்க மாசம் பொறந்தா சம்பளம், வாரத்துல ஒரு நாள் லீவு. கால்தான் வலிக்குது."

"கடைய எப்போம்மா தொறப்பே?" என்றார் அப்பா.

"லீவு போட்டுகீறேன் நைனா" என்றாள். அதைச் சொன்னபோதுதான் அவள் முகம் வாடியது.

இப்போது அவளை அடையாறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்திருக்கிறோம். லீவு நாளில் அவள் வீட்டுக்கு வருகிறாள். அப்பாவும் அவளும் டீ குடித்தபடி, தெருவில் யார் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுகிறார்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.