விலைப்பட்டியலுக்கு அடியில்

அந்த மின்னஞ்சலை எழுதி அனுப்பியவள் நான்தான். மாரியம்மாளுக்கு இது தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி அலுவலகத்தில் எனக்குக் கணினி வேலை. வடநாட்டு வியாபாரிகளிடம் பேசிப் பேசி இந்தியும் வந்துவிட்டது. நாரணாபுரத்தில் என் அடுத்த வீட்டுக்காரி மாரியம்மாள். அவள் கணவன் சண்முகம் வேறொரு கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கும்போது தீப்பிடித்து, உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். எளிதில் கிடைக்காத வகை ரத்தம் தேவைப்பட்டது.

உதவிதானே செய்தாய் என்கிறீர்களா? பொறுங்கள்...

அப்போதெல்லாம் எனக்குத் தினம் ஓர் அழுகைக் கடிதம் வரும். பத்துப் பேருக்கு அனுப்பு, அனுப்பாதவன் மனிதனே அல்ல! அதே பாணியில் நானும் எழுதினேன். பிள்ளையில்லாத அந்தத் தம்பதிக்கு மூன்று வயது மகள் ஒருத்தியை நானே பெற்றுப் போட்டேன். அப்பா எப்போது வருவார் என்று அவளை அழவும் விட்டேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது... வெட்கக்கேடு!

சண்முகத்தின் செல்போன் எண்ணைப் போட்டேன். வியாபாரிகள் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும் என்று, அந்த சீசன் விலைப்பட்டியலுக்கு அடியிலேயே ஒட்டி எல்லோருக்கும் அனுப்பினேன்.

ரத்தம் அன்றே மதுரையில் கிடைத்தது. மூன்றாம் நாள் சண்முகம் இறந்துபோனான்.

இனி அனுப்பாதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கம்பெனிப் பட்டியலில் விபத்துச் செய்தியை ஒட்டியது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். என் வேலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

சீசன் வந்தால் வியாபாரிகள் பழைய விலையைப் பார்க்க அந்த மின்னஞ்சலைத் தேடி எடுப்பார்கள், ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். ரத்தம் தருகிறோம் என்று மூன்று வருடமாக ஒவ்வொரு சீசனிலும் சண்முகத்தின் போன் அடிக்கிறது. இந்தி தெரியாத மாரியம்மாள் அதை என்னிடமே எடுத்து வருகிறாள்! ரத்தம் கேட்டு யாரோ மின்னஞ்சல் அனுப்பினார்களாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எண்ணை மாற்றச் சொன்னேன்.

"அவுக வாங்குன நம்பரு அக்கா. மாத்த மனசு வரல" என்றாள். பிறகு, "யாரு அனுப்புனாகளோ, நல்லா இருக்கட்டும்" என்றாள்.

நானெல்லாம் ஒரு பெண்ணா?

நேற்று நாக்பூரிலிருந்து ஒரு அம்மாள் பேசினாள். ரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தச் சின்னப் பெண் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டாள். அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்...

போகிறாள், ஒன்றாம் வகுப்பு என்று இந்தியில் சொன்னேன்.

"என்னக்கா கேக்குறாக?" என்றாள் மாரியம்மாள்.

உன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்றேன்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்கக்கா."

அதையும் சொன்னேன்.