கொலைச் செய்தியில் நான் சேர்த்த சொல்

பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் வேறு செய்திக்கு இடமில்லை. கிரிவலப் பாதையில் எவ்வளவு கூட்டம், எந்த இடத்தில் தண்ணீர் வரவில்லை, எத்தனை சிறப்புப் பேருந்து என்று எழுதவே நேரம் சரியாக இருக்கும். போலீஸ்காரர்களும் மொத்தமாக பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். அப்படியொரு பௌர்ணமிக் காலையில்தான் அந்தப் பெண் கொலையான தகவல் எனக்கு வந்தது.

நான் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். சோற்றுக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிர்ப்புறம் ஒரு ஜெராக்ஸ் கடை. செய்திகளில் என் பெயர் வராது, ‘நமது நிருபர்’ என்று மட்டும்தான் வரும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் நிருபர் என்பதே தெரியாது.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெருவில் அவள் வாடகைக்குக் குடியிருந்தாள். முப்பது வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பறை வேலை. ஆறு வயதுப் பெண் குழந்தை அப்போது அம்மா வழித் தாத்தா வீட்டில், கிராமத்தில் இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பி வாசற்கதவைப் பூட்டும்போது பின்னாலிருந்து ஒருவன் குத்தியிருக்கிறான்.

எனக்குத் தெரிந்த காவலர் ஒருவருக்கு போன் போட்டேன். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு பேசினார்.

“ஆள் புட்சிட்டாங்க சார். அதே தெருவுல இருக்கிறவன்தான், டாக்ஸி ஓட்றான். ரெண்டு பேருக்கும் பழக்கம்னு சொல்றானாம்.”

“பழக்கம்னா? கள்ளத்தொடர்பா?”

“எனக்கு இன்னா சார் தெரியும்? நீங்களே ஏதாவது போட்டுக்குங்க” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் போட்டேன். நேரில் போகவில்லை. கடையிலிருந்து அந்தத் தெரு எவ்வளவு தூரம்? வண்டியில் கால் மணி நேரம். பௌர்ணமி நெரிசலில் அரை மணி ஆகியிருக்கும். ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க ஆதார் அட்டையை நீட்டியபடி நின்றிருந்தார். அவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனில் நாலு பத்தி தட்டி அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘கள்ளக்காதல் விவகாரம்: இளம்பெண் குத்திக்கொலை.’

அதோடு முடிந்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் அந்த விடுதியில் தங்கியிருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், இறந்துபோனவளைப் பற்றி அழுதுகொண்டே பேசிய வீடியோ எங்கெங்கோ பரவியது. மூன்றாம் நாள் சென்னையிலிருந்து சேனல் வண்டிகள் வந்து இறங்கின. அவள் வாசற்படி, அவள் கோலம் போடும் இடம், பூட்டு தொங்கும் கதவு எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். ஒரு சேனல், நிழல் உருவங்களை வைத்து அவளும் அவனும் மொட்டைமாடியில் பேசுவதுபோல ஒரு காட்சியே தயாரித்துவிட்டது. யூடியூபில் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். எல்லாக் கதைக்கும் அடியில் நான் எழுதிய அந்தச் சொல் கிடந்தது.

ஒரு சேனலில் என்னையும் போனில் பேச வைத்தார்கள். “உள்ளூர் நிருபர் இணைப்பில் இருக்கிறார்” என்றார்கள். நானும் நேரில் பார்த்தவன் மாதிரிப் பேசினேன். வீட்டுக்குப் போனதும், “நல்லா தெளிவா பேசுனீங்க” என்றாள் என் மனைவி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை இன்று மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வாரத்தில் வேறு ஊரில் வேறு கொலை நடந்தது. வண்டிகள் அங்கே போய்விட்டன.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம், அறுபது வயதிருக்கும் ஒருவர் கடைக்கு வந்தார். கைகளில் சிமெண்ட் தின்ற வெடிப்புகள். பிளாஸ்டிக் பையிலிருந்து மடித்த பேப்பரை எடுத்து மேஜைமேல் விரித்தார். என் செய்தி.

“இத்த நாலு காப்பி எடுங்க தம்பி.”

எடுத்தேன். கை தானாக வேலை செய்தது. அவர் தாள்களை வாங்கி ஓரம் பார்த்து அடுக்கினார்.

“செத்துப்போனது எம்பொண்ணு தம்பி. இதுல போட்டுக்கிறது பொய்யி. கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம்னு வந்தேன். இத்த யாரு எழுதுனதுன்னு எப்டி கண்டுபுடிக்கிறது? பேரே போடலியே.”

“அதெல்லாம் சென்னையில எழுதுவாங்கண்ணா” என்றேன்.

“சென்னையில இருக்கிறவனுக்கு எம்பொண்ண எப்டி தெரியும்?”

நான் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். அவர் வெளியில் போய் வெயிலில் நின்று எதிரே இருந்த அலுவலகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். என் கையாலேயே, ‘மேற்படி செய்தி உண்மைக்குப் புறம்பானது’ என்று எழுதினேன். அந்த மனு எங்கே போனதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதிலிருந்து அவர் வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் என் கடைக்கு வர ஆரம்பித்தார். நானும் கடையைச் சாத்திவிட்டு அவரோடு கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தேன். நிருபர் வேலைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேப்பரிலோ அந்த வழக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதல் வாய்தாவுக்கு கேமராக்கள் இருந்தன. அந்த டாக்ஸிக்காரனை வேனிலிருந்து இறக்கும்போது அவன் முகத்தை மூடிக்கொண்டு போனான். மூன்றாவது வாய்தாவுக்கு ஒரு கேமரா. அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜட்ஜ் லீவு, அரசு வக்கீல் மாற்றல், சாட்சி வரவில்லை, வக்கீல்கள் புறக்கணிப்பு. காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் தேதி மட்டும் வாங்கிக்கொண்டு போவார். கொத்தனார் வேலைக்காரர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை போயிற்று. அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது பெண்ணைப் பற்றிப் பேசுவார். பத்தாவதோடு நிறுத்தினதை, புருஷன் போன பிறகு அவளே பணம் கட்டிப் பன்னிரண்டாவது எழுதிப் பாஸானதை. விடுதிக்கு வருகிறவர்களிடம் தப்பும் தவறுமாக இங்கிலீஷ் பேசிப் பழகியதை.

“பேசறதுக்குப் பயப்பட மாட்டா தம்பி. தப்பானா இன்னான்னு கேப்பா. எனக்கு அந்த தைரியம் கம்மி.”

பேத்தியைப் பள்ளியில் சேர்த்த பிறகுதான் அந்தச் செய்தி அவரை எப்படி அரிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. இரண்டாம் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை, “உங்கம்மா கதை எங்கம்மா போன்ல கீது” என்று சொல்லிவிட்டதாம். குழந்தை தாத்தாவிடம் வந்து, “கள்ளக்காதல்னா இன்னா தாத்தா?” என்று கேட்டது.

“நான் இன்னா சொல்வேன்? அது திருட்டு மாதிரின்னு சொல்லி வச்சேன். அம்மா எதத் திருடுச்சின்னு கேக்குது.”

டீ டம்ளரை நான் கீழே வைத்துவிட்டேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். காசு கொடுக்க எழுந்தேன்.

சாட்சி விசாரணை தொடங்க இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. குத்தியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன ஆட்டோக்காரர் கூண்டில் ஏறி, தான் எதையும் பார்க்கவில்லை என்றார். அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவித்தார்கள். வழக்கு அதோடு போயிற்று என்று நினைத்தேன். பெரியவரும் அப்படித்தான் நினைத்தார். அன்று டீ குடிக்கக்கூட வரவில்லை.

அடுத்து அவரே கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

“உங்க மகளுக்கும் இவருக்கும் தொடர்பு இருந்ததா பேப்பர்லயே வந்திருக்குங்களே. ஊருக்கே தெரிஞ்சது, அப்பாவுக்குத் தெரியாதா?”

செய்தித்தாளைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிபதி உடனே தடுத்தார். தாள் உள்ளே போய்விட்டது. ஆனால் கேள்வி கேட்டாகிவிட்டது. அவர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, “பேப்பர் பொய் சொல்லுதுங்க ஐயா” என்றார். இரண்டு தடவை சொன்னார்.  

வழக்கைக் காப்பாற்றியது விடுதி மேலாளர்தான். இறந்தவளின் மேஜை இழுப்பறையில் இருந்த ஒரு ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து போலீசிடம் கொடுத்திருந்தார். அந்த டாக்ஸிக்காரன் தினமும் பின்னால் வருகிறான், கதவைத் தட்டுகிறான் என்று கொலைக்கு ஒரு மாதம் முன்பே அவள் எழுதிக் கொடுத்த புகாருக்கு வந்த ரசீது. அவன் வண்டியில் கிடைத்த ரத்தக்கறைக் கத்தியோடு அதுவும் சேர்ந்தபோது வழக்கு நின்றது. புகார் கொடுத்த கோபத்தில்தான் கொன்றிருக்கிறான். பிடிபட்டதும் பழக்கம் என்று சொல்லியிருக்கிறான். கொன்றவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்க்கு ஒரு பெயர் வைத்து அச்சில் ஏற்றியவன் நான். அன்று நேரில் போய் அந்தத் தெருவில் இரண்டு பெண்களிடம் கேட்டிருந்தால்கூட அவள் புகார் கொடுத்தது தெரிந்திருக்கும்.

கொலை நடந்து நாலு வருஷம் கழித்து வந்த தீர்ப்பு நாளில் கோர்ட் வாசலில் ஒரு சேனல்கூட இல்லை. ஆயுள் தண்டனை. இறந்தவருக்கும் குற்றவாளிக்கும் எந்த உறவும் இருந்ததில்லை, அந்தப் பெண் சட்டத்தை நம்பிப் புகார் கொடுத்தவர் என்று நீதிபதி வாசித்தபோது, பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. “எழுதிக்கிட்டீங்களா தம்பி?” என்று கேட்டார். அந்த நாலு வருஷத்தில் நான் குறிப்பு எடுப்பதைப் பார்த்திருக்கிறார். ஏதோ பேப்பரில் வேலை என்று அவருக்கு அரைகுறையாகத் தெரியும். எந்தப் பேப்பர் என்று கேட்டதில்லை.

“எழுதிட்டேண்ணா. நாளைக்கு பாருங்க.”

அன்று நான் எழுதியதைப்போல் அதற்கு முன் எழுதியதில்லை. ரசீது, புகார், நீதிபதியின் வாசகம் எல்லாம் வைத்து முழு நீளச் செய்தி. விடிந்ததும் கடை வாசலில் நின்றே அன்றைய பேப்பரைப் பிரித்தேன். எட்டாம் பக்கம், ஆறு வரி. தலைப்பு: ‘கள்ளக்காதல் கொலை: டிரைவருக்கு ஆயுள்.’

தலைமை அலுவலகத்துக்கு போன் செய்தேன். “பழைய செய்தியப் பார்த்துத்தான் சார் தலைப்பு வச்சோம். நீங்க அனுப்புனதுதானே?” என்றார் மறுமுனையில் இருந்தவர். அவரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். நல்ல வேட்டி கட்டியிருந்தார். கையில் பேப்பர். என்னிடம் காட்ட அதை விரித்தபோது நான் சொல்லிவிட்டேன். முதல் செய்தி எழுதியது, கடையில் உட்கார்ந்து எழுதியது, சென்னையில் எழுதுவார்கள் என்று சொன்னது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“இத்தினி நாளு எங்கூட குந்திகினு டீ குடிச்சீங்களே சார்” என்றார்.

அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனார். பிறகு கடைக்கு வரவே இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் கடையில் ஜெராக்ஸ் எடுப்பதாக அரசு வக்கீலின் குமாஸ்தா சொன்னார்.

திருத்தம் போடச் சொல்லி நான் மூன்று முறை எழுதினேன். கடைசியில் உள்பக்கத்தில், ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று இரண்டு வரி வந்தது. வீடியோக்களை எடுக்கச் சொல்லியும் எழுதினேன். ஒன்றிரண்டு போயின. மற்றவை அப்படியே இருக்கின்றன. அந்த நிழல் உருவக் காட்சியும் இருக்கிறது. அதன்பிறகு நான் கொலைச் செய்தி எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நாளில் நிருபர் வேலையையே விட்டுவிட்டேன். அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஜெராக்ஸ் கடை நன்றாகத்தான் ஓடுகிறது.

அந்த டாக்ஸிக்காரன் மேல்முறையீடு செய்தான். உயர் நீதிமன்றத்தில் வழக்கு என்றைக்கு வருகிறது என்று தினமும் போனில் பார்த்து, தேதி வந்தால் குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்புவேன். சொன்னது நான் என்று சொல்ல வேண்டாம் என்பேன். போன வருஷம் தண்டனையை உறுதி செய்தார்கள். அன்று மட்டும் நானே அவருக்கு போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சரிங்க” என்றார்.  பின்னால் மாடு கத்தும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.

சில மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ரொம்பத் தளர்ந்திருந்தார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவர் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டவள், அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒதுங்கிப் போக நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். நான் கும்பிட்டேன். அவர் தலையை மட்டும் லேசாக அசைத்தார்.

“யாரு தாத்தா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. சொல்லட்டும் என்றும் இருந்தது.

“கோர்ட்ல பாத்த பழக்கம்மா” என்றார்.

அவர்கள் ஊர் பஸ் வந்துவிட்டது. அவள் முதலில் ஏறி, கை கொடுத்து அவரை ஏற்றிவிட்டாள்.